‘நான்’ வரக்கூடாத கட்டுரை

ஒன்பதாம் வகுப்பில் மகளிர் தினக் கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. ஓர் எவர்சில்வர் தட்டு. தலைப்பு ‘பெண்ணின் பெருமை’. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் நான்கு உபதலைப்புகள், இரண்டு திருக்குறள். பொறுமையில் பூமி, தியாகத்தில் மெழுகுவத்தி என்றெல்லாம் எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முடித்ததும் கேட்டாள்.

“ஏட்டி, இது யாரப் பத்தி எழுதுனது?”

“உன்னய மாதிரி அம்மாக்களப் பத்தித்தான்.”

“நான் எங்கட்டி தியாகம் பண்ணுதேன்? கூலிக்குல்லா சுத்துதேன். அதுலயும் கழிவுன்னு ஒரு கை அள்ளி ஒதுக்கிப்புடுதான். அத எழுதுனியா?”

எழுதவில்லை. எழுதலாம் என்றே எனக்குத் தெரியாது. இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்கினால் ஒரு பீடி. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கணக்குப் பார்ப்பவர் சரியில்லை என்று ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை பற்றாவிட்டால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். இதெல்லாம் எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். பள்ளி விட்டு வந்து முனை மடக்கிக் கொடுத்ததே நான்தான். பேனாவை எடுத்தால் மட்டும் மெழுகுவத்தி வந்தது.

அந்தத் தட்டைத்தான் என் எழுத்தின் வளர்ச்சி என்று பள்ளி கொண்டாடியது. எழுத்துத் தேர்ச்சி என்ற பெயரில் பெண் பிள்ளைகளுக்கு இங்கே பழக்கப்படுவது சொல்வதை எழுதும் வேலை. வை.மு.கோதைநாயகிக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. ஐந்து வயதிலேயே கல்யாணம். தன் முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருத்தி எழுதினார். பிறகு எழுதக் கற்று நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார், ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தினார். அவரிடம் சொல் இருந்தது, எழுத்து இல்லை. நூறு வருடம் கழித்து எங்களுக்கு எழுத்து இருக்கிறது. சொல்லை வேறு யாரோ சொல்லித் தருகிறார்கள்.

கல்லூரியில் அம்மாவின் கழிவுக் கணக்கை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுத்தேன். ‘நான்’ வந்த இடமெல்லாம் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. “பொதுவாச் சொல்லும்மா, சொந்தக் கதை கட்டுரை ஆகாது” என்றார்கள். யாருடைய பொது? மெழுகுவத்தி பொது, கழிவு பிடிப்பது சொந்தக் கதையா? பாமாவின் ‘கருக்கு’ 1992லேயே வந்துவிட்டது. தன் ஊரை, தன் சாதிக்கு நேர்ந்ததை, தன் பேச்சிலேயே எழுதிய புத்தகம். அதை நான் படித்தது பாடத்திட்டத்தால் அல்ல, விடுதித் தோழி தலையணைக்கு அடியில் வைத்திருந்ததால்.

நம் தரப்பையும் விடுவதாக இல்லை. முதுகலைக்கு வந்து பெண்ணியம் படித்தேன். ‘உழைப்புச் சுரண்டல்’, ‘ஆணாதிக்கக் கட்டமைப்பு’ என்று பக்கம் பக்கமாக எழுதினேன். பேராசிரியைகள் பாராட்டினார்கள். அம்மாவிடம் வாசித்தபோது அதே கேள்விதான்: “இது யாரப் பத்தி?” மெழுகுவத்தி இருந்த இடத்தில் கட்டமைப்பு உட்கார்ந்திருந்தது. அந்தச் சொற்கள் பொய்யில்லை, எனக்கு வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்குள்ளும் ஆயிரத்தில் எத்தனை பீடி ஒதுக்கினார்கள் என்ற எண் இல்லை. எண்ணைக் கேட்காமலே எனக்கு முதல் மதிப்பெண் போட்டார்கள். இந்தத் தொகுப்பை வாசிக்கும் மாணவிகள் தங்கள் பரிசுக் கட்டுரைகளை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

இதையும் அம்மாவுக்கு வாசித்தேன். இலையை நனைப்பதை விட்டிருந்தேன்; சொல்லிச் சேர்க்க வைத்தாள். கழிவு பிடிக்கிறவர் பெயரையும் போடச் சொன்னாள். அவரிடம்தான் இன்னும் பீடி போடுகிறாள். பெயரை நான் போடவில்லை.