நாஞ்சில் மண்ணில் பிறந்தும் நாடிலிகளா?

குமரி மாவட்டத்தில் பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை ஆகிய ஊர்களில் ஈழத்தமிழ் ஏதிலியர் முகாம்கள் உள்ளன. 1983-க்குப் பின் கடல்கடந்து வந்தோரின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, நாஞ்சிற் பள்ளிகளிற் பயின்று, இன்று தாமும் பிள்ளை பெற்றுவிட்டனர். தில்லிக்கோ அவர்கள் இன்னும் அயலார்! 1987 சூலை 1-க்குப் பின் இம்மண்ணிற் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியாக இருந்தாலன்றிப் பிறப்புரிமை இல்லையாம்.

அதே தில்லி, அமெரிக்கக் குடியாகிவிட்டவரை 2005 முதல் 'அயல்நாடுவாழ் இந்தியக் குடி' எனப் போற்றி அட்டை வழங்குகின்றது. வாக்குரிமை இல்லை, வேளாண்நிலம் வாங்கவியலாது, இரட்டைக் குடியுரிமை என்பது பெயரளவே. ஆயினும் பாட்டன் பிறப்பைக் காட்டி வாழ்நாளெல்லாம் வந்துபோகலாம். பழவிளையிற் பிறந்த குழந்தை எதைக் காட்டும்?

தமிழக முகாம்களில் மலையகத் தமிழரும் உளர். அவர்தம் முன்னோர் இங்கிருந்தே தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். 1948-இல் இலங்கை அவர்களை நாடிலிகளாக்கிற்று. 1964-இல் சிரிமாவும் சாத்திரியும் இங்கு 5,25,000 பேர், அங்கு 3,00,000 பேர் என ஆட்டுமந்தை போலப் பங்கிட்டனர். ஆடுகளை எவர் கேட்டார்?

பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் நாடுகளினின்று வந்த ஆறு சமயத்தார்க்கு ஐந்தாண்டு போதுமென்ற 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2015 சனவரி 9-க்குள் வந்து பதிந்துகொண்ட ஈழத்தமிழர்க்கு 2025-இல் தண்டனை விலக்குத் தந்தனர். தண்டியாமை குடியுரிமை ஆகுமா?

தமிழகத்தோடு இணைய 1954-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குருதி சிந்திய மாவட்டம் இது. முகாமிற் பிறந்தார்க்கு முதலிலும் வந்தார்க்கு அடுத்தும் குடியுரிமை வழங்கெனும் குரல், நாடாளுமன்றத்தில் குமரியினின்றே எழட்டும்!