'இனி செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க': அதற்குப் பிறகு என்ன செய்வது?

முற்றிய புற்றுநோய், செயலிழந்த சிறுநீரகம், பல முறை வந்த பக்கவாதம். நோய் எதுவானாலும் ஒரு கட்டத்தில் குடும்பத்தாரின் காதில் விழும் வாக்கியம் ஒன்றுதான்: "இனி செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

சொல்கிறவருக்கு அத்தோடு வேலை முடிந்தது. கேட்கிறவருக்கு அப்போதுதான் தொடங்குகிறது. கையில் ஒரு ஃபைல், கொஞ்சம் மாத்திரை. வலி வந்தால் என்ன செய்வது, சாப்பிட மறுத்தால் என்ன செய்வது, "நான் செத்துருவேனா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? யாரும் சொல்லித்தருவதில்லை. பிள்ளைப்பேறுக்கு வளைகாப்பு முதல் பத்தியம் வரை சொல்லித்தர பத்துப் பேர் வருவார்கள். சாவுக்கு அப்படி யாரும் இல்லை. முன்பு வீட்டில் தாத்தா, பாட்டி படுக்கையில் கிடந்து போவதைப் பார்த்தே பிள்ளைகள் ஓரளவு கற்றுக்கொண்டார்கள். இப்போது பலருக்கும் கடைசி நாட்கள் ஐசியூ கதவுக்குப் பின்னால் நடக்கின்றன.

இதைக் கற்றுத்தர முடியுமா? முடியும். பக்கத்து மாநிலத்திலேயே அது நடக்கிறது.

பேலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்டாச்சுனு அர்த்தமா?

இல்லை. தமிழில் 'நோய் ஆதரவு சிகிச்சை', 'வலி தணிப்பு சிகிச்சை' என்கிறார்கள். நோயைக் குணப்படுத்த முடியாவிட்டாலும் நோயாளியின் வலி, மூச்சுத்திணறல், பயம், குடும்பத்தின் தவிப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் மருத்துவம் இது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தே தொடங்கலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஆரம்பத்திலேயே பேலியேட்டிவ் கேர் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். அதுவும், கடைசி நேரத்துத் தீவிர சிகிச்சை முதல் பிரிவினருக்குக் குறைவாகவே தரப்பட்டிருந்தது.

உலகில் ஆண்டுக்கு சுமார் 5.68 கோடிப் பேருக்கு இந்தக் கவனிப்பு தேவை, கிடைப்பது சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேரளா என்ன செய்தது?

1993-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் உள்ளிட்டோர் ஒரு சிறிய வலி தணிப்பு கிளினிக்கைத் தொடங்கினார்கள். சீக்கிரமே ஒன்று புரிந்தது. வலிக்கு மருந்து கொடுக்கலாம். ஆனால் படுக்கைப் புண்ணைத் துடைக்க, அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி கொண்டுபோக, சும்மா அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார டாக்டர் தேவையில்லை, அக்கம்பக்கத்து ஆள் போதும். 1999-ல் மலப்புறம் பகுதியில் 'அக்கம்பக்க வலையமைப்பு' உருவானது அப்படித்தான்.

ஆட்டோ ஓட்டுபவர், டீச்சர், கடைக்காரர் என்று யாரும் சேரலாம். பயிற்சி சுமார் 16 மணி நேர வகுப்பு, அதன்பின் நான்கு நாள் மருத்துவக் குழுவோடு நேரடி அனுபவம். அவ்வளவுதான். 2008-ல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது, இந்தியாவில் முதல் மாநிலமாக. இப்போது பஞ்சாயத்துகளே வீடு தேடிச் செல்லும் நர்ஸ்களை வைத்திருக்கின்றன. மரணத்தின் மதிப்பு பற்றி 'லான்செட்' ஆணையம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, உலகம் பார்க்க வேண்டிய முன்மாதிரியாகக் கேரளாவைக் காட்டியது.

அந்த 16 மணி நேரத்தில் என்னதான் கற்றுக்கொள்வார்கள்?

முதல் பாடமே வாயை மூடுவது. "எல்லாம் சரியாயிடும்", "தைரியமா இருங்க", "பக்கத்து வீட்டு மாமாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" ஆகிய மூன்றும் நம் ஊரில் ஆறுதல் வார்த்தைகள். படுத்திருப்பவருக்கோ அவை 'இதைப் பத்திப் பேசாதே' என்றுதான் கேட்கும்.

அடுத்தது, இங்கே எல்லா வீட்டிலும் வரும் சிக்கல். "அப்பாக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்." மகன் இப்படிச் சொல்வான். அதே அப்பா, மகன் வெளியே போனதும் நர்ஸிடம், "எனக்குத் தெரியும்மா, பையன்கிட்ட சொல்லாத, உடைஞ்சு போயிடுவான்" என்பார். இரண்டு பக்கமும் பாசம்தான். ஆனால் சொத்து விஷயம், கடன், பேசாமல் இருக்கும் தம்பியைக் கூப்பிடுவது, கடைசியாக ஒருமுறை சொந்த ஊர் போவது எல்லாமே அந்த மௌனத்தில் போய்விடும்.

இந்த இடத்தில் மகனோடு சண்டை போடாதே என்கிறது பயிற்சி. "எதுக்கு பயப்படுறீங்க?" என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும். பிறகு நோயாளியிடம், "உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" சிலர் முழுசாகக் கேட்பார்கள், சிலர் "பையன்கிட்டயே சொல்லிடுங்க" என்பார்கள். இரண்டும் அவர் உரிமை. அமெரிக்க, கனடா மருத்துவர்கள் 2000-ல் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறுபடி முறையும் சொல்வது இதுதான்: சொல்வதற்கு முன் கேள்.

கடைசி நாட்களில் உடம்பில் என்ன நடக்கும்?

பசி குறையும். வீட்டில் பெரிய போராட்டமே இதில்தான். "ரெண்டு வாய் கஞ்சியாவது குடிங்க" என்று ஊட்டுவோம். அவர் சாப்பிடாததால் போகவில்லை. போய்க்கொண்டிருப்பதால்தான் உடம்பு சாப்பாடு கேட்கவில்லை. விழுங்க முடியாதவருக்கு ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். பால் ஊற்றும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். உதட்டைச் சொட்டு ஈரத்தால் நனைத்தால் போதும்.

மூச்சு விட்டு விட்டு வரும், கை கால் சில்லிடும், தொண்டையில் கரகர சத்தம் கேட்கும். பக்கத்தில் இருப்பவரைத்தான் அந்தச் சத்தம் அதிகம் பயமுறுத்தும். நினைவு மங்கிய நோயாளிக்கு அது பெரும்பாலும் வேதனை தருவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையலாம். இதெல்லாம் முன்பே தெரிந்தால் நள்ளிரவில் ஆம்புலன்ஸைத் தேடி ஓட வேண்டியிருக்காது.

பேசுவதை நிறுத்த வேண்டாம். நினைவிழந்தவர்களின் மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டுவதை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு 2020-ல் பதிவு செய்தது. அவர்களுக்கு அர்த்தம் புரிகிறதா என்பது வேறு கேள்வி.

மார்ஃபின் ஏன் கிடைப்பதில்லை?

உலகில் சட்டப்படி அபின் பயிரிடும் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், பல உரிமங்கள் வாங்க வேண்டும், சின்னத் தவறுக்கும் சிறை என்ற பயத்தில் மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டன. 2014 திருத்தம் அதை எளிதாக்கியது. பயம் மட்டும் போகவில்லை.

குடும்பங்களிடமும் அந்தப் பயம் உண்டு. 'அடிமையாயிடுவார்', 'சீக்கிரம் போயிடுவார்'. முறையான அளவில் வலிக்குத் தரும்போது இரண்டுக்கும் வாய்ப்பு குறைவு. வலி தாங்க முடியாதபோது மட்டும் கொடுப்பதுதான் வீட்டில் நடக்கும் தவறு. டாக்டர் குறித்த நேரத்துக்கு, வலி வருமுன் கொடுக்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து.

டாக்டர்களுக்கே சொல்லித்தருகிறார்களா?

தாமதமாக. வலி தணிப்பு மருத்துவத்தில் எம்.டி. படிப்பு மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2012-ல்தான் தொடங்கியது. எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறை 2019-ல் முறையாகச் சேர்ந்தது. அதற்கு முன் படித்து இன்று சீனியராக இருப்பவர்கள் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டால் உண்டு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. சுகர், பிபி மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்து இதைக் கேட்காமலே விடுபவர்கள் அதிகம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

போனவருக்குப் பிறகு, இருப்பவருக்கு?

துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு என்று இன்ஸ்டா ரீல்ஸ் சொல்கிறது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பற்றி. துக்கத்தில் இருப்பவர் வரிசையாக ஐந்து படி ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு நாள் சிரிப்பார், மறுநாள் அழுவார், இரண்டும் இயல்பு. ஒரு வருடத்துக்கு மேலாகியும் அன்றாட வாழ்க்கையே முடங்கிக் கிடந்தால், அதை நீடித்த துக்கக் கோளாறாக அமெரிக்க மனநல சங்கத்தின் கையேடு 2022-ல் சேர்த்தது. அப்போது உதவி தேவை.

நம் ஊர்ச் சடங்குகள் ஒருவகையில் புத்திசாலித்தனமானவை. ஒப்பாரி சத்தமாக அழ இடம் தந்தது, பதினாறு நாள் வீடு காலியாக இருக்காது. பதினேழாம் நாளில்தான் சிக்கல். கூட்டம் கலைந்து, போன் அடிப்பது நிற்கும்போதுதான் பலருக்கும் உறைக்கும். பயிற்சி பெற்ற தன்னார்வலர் மறுபடி அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது இதற்காகத்தான். போய் அறிவுரை சொல்ல மாட்டார். போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுவார். துக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏங்குவது அதற்குத்தான், நாமோ அவருக்கு வலிக்கும் என்று அந்தப் பெயரையே தவிர்க்கிறோம்.

அலுவலகங்களின் நிலை இன்னும் மோசம். தனியார் ஊழியருக்குத் துக்க விடுப்பைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. நிறுவனம் மனது வைத்தால் மூன்று நாளோ ஐந்து நாளோ கிடைக்கும். அம்மாவை எரித்துவிட்டு வந்தவர் மறுவாரம் லாக்-இன் செய்து, பதினாறாம் நாள் காரியத்துக்குத் தன் கேஷுவல் லீவிலிருந்து ஒரு நாள் எடுக்கிறார்.