நீலமா, மஞ்சளா?

சங்கத்து அன்பர் இல்லத்தில் ஓர் அறைக்கு வர்ணம் பூசுவது பற்றி வழக்கு எழுந்திருக்கிறது. மகன் நீலம் வேண்டுமென்கிறார். மருமகள் மஞ்சளே மங்கலம் என்கிறார். தீர்ப்புக்கு நம்மிடம் வந்திருக்கிறார்கள். அவ்வறையில் பகல் முழுதும் இருப்பவரோ பார்வை மங்கிய முதிய தாயார். அவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மட்டாஞ்சேரியில் இரு கட்சிக்கும் சான்று உண்டு. 1555-இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையின் பள்ளியறையில் இராமாயண ஓவியங்கள் செம்மையும் மஞ்சளுமாகப் பொலிகின்றன. (1663-இல் பழுது பார்த்த டச்சுக்காரர், கட்டடத்தின் பெயரையே தமதாக்கிக்கொண்டனர்!) 1568-இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயத்திலோ, சீனத்துக் காண்டன் நகரிலிருந்து வந்த நீல ஓவிய ஓடுகள் தரையில் குளிர்ச்சி தருகின்றன. ஆயின் அங்கே நீலம் அழகுறுவது வெண்மையின் துணையால் என்பதை மகன் கவனிக்க வேண்டும்.

இங்குள்ள நம்மவர் வீடுகள் பலவும் சுவரோடு சுவர் ஒட்டியவை. சந்து வழியே வருவதுதான் வெளிச்சம். வெண்சுண்ணாம்பு தன்மேல் விழும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்குவரை திருப்பித் தரும். வெளிர்மஞ்சள் அதற்குச் சற்றே குறைவு. அடர்நீலமோ பெரும்பகுதியைக் குடித்துவிடும். மேற்கு வெயில் நேரே தாக்கும் அறையானால் நாமும் நீலத்தின் பக்கமே நின்றிருப்போம். இது பகலிலும் விளக்கேற்றும் அறை. தாயார் தட்டுத் தடுமாறாமல் நடக்க வேண்டுமே! எனவே வெளிர்மஞ்சள், மேற்கூரையின் அடிப்பக்கம் தூய வெள்ளை. நீலம் கதவு, சன்னல்களுக்குப் போகட்டும்.

இடவப்பாதி மழையில் ஓதம் ஏறும் பழஞ்சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது. எண்ணெய் வர்ணம் ஈரத்தை உள்ளே அடைத்துக் கொப்புளித்து உரியும். சுண்ணாம்பின் காரத்தை எல்லா நிறமும் தாங்கா. மஞ்சள் காவித்தூள் தாங்கும். பள்ளியறை ஓவியர்களும் மஞ்சளை மண்ணிலிருந்தே எடுத்தனர். வெள்ளைக்குச் சேர்க்கும் நீலத்தூளும் தாங்கும். சொட்டு நீலம் வெறும் சாயம், வெளுத்துவிடும்.

பூசுமுன் சன்னலருகே ஒன்றும் இருண்ட மூலையில் ஒன்றுமாக, இரு நிறத்தையும் முழ அகலத்துக்குத் தீட்டுங்கள். ஈரச் சுண்ணாம்பு கருத்துத் தோன்றும், உலர்ந்தபின் பாருங்கள். காலையில் ஒருமுறை, விளக்கேற்றியபின் ஒருமுறை. மஞ்சள் விளக்கொளியில் நீலம் சாம்பலாய்த் தோன்றுவது அப்போது புலப்படும். இரு வேளையும் தாயாரைச் சுவரருகே அழைத்துச் சென்று காட்டுங்கள்.