தனிக்குடித்தனம்

மணமான மைந்தன் வேறு மனை கொண்டால், பெற்றோரைக் கைவிட்டான் என இகழ்வார் எங்கள் கீழ்பென்னாத்தூரில் இன்றும் பலர். இஃது அயல்நாட்டு நாகரிகத்தால் வந்த கேடென்பர். அவர் கூற்றுக்கு யான் உடன்படேன்.

குறுந்தொகை 167ஆம் செய்யுளில் கூடலூர் கிழார் காட்டும் மனையில் புதுமணத் தம்பதியர் இருவரையே காண்கின்றோம். தயிர் கலந்த புளிக்குழம்பைத் தலைவி தானே அட்டு இடுகின்றாள். தாளிப்புப் புகை அவள் கண்ணை மறைக்கின்றது. கணவன் இனிதென்று உண்கின்றான். மாமன் மாமியர் அங்கிருந்ததாகப் புலவர் கூறிற்றிலர். கண்டு மீண்ட செவிலி அதனை நற்றாய்க்கு உவந்து உரைக்கின்றாள். தனிமனை தமிழர்க்குப் புதிதோ?

ஒரு கூரையின்கீழ் வாழ்தலே அன்பென்பாரை எம் தெருவுக்கு அழைப்பேன். ஆங்கொரு வீட்டில் மைந்தர் இருவர்க்கு அடுப்பும் இரண்டு. திங்களிற் பாதி மூத்தவனிடத்தும் பாதி இளையவனிடத்தும் தாய் உண்ணவேண்டும். முப்பத்தோராம் நாள் யார் முறை என்று எழுந்த பூசலை யானே கேட்டிருக்கின்றேன்.

2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேணப்படாத பெற்றோர் கோட்டாட்சியரிடம் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய்வரை பெறலாம். அச்சட்டமும் மக்களை உடனுறையுமாறு பணிக்கவில்லை.

அத்தெருவிலேயே மற்றொரு வீட்டு மகன் மனைவியோடு சென்னையில் வாழ்கின்றான். மாதம் இருமுறை செஞ்சி வழிவரும் பேருந்தில் வந்து, தாயாரைத் திருவண்ணாமலைக்கு மருத்துவரிடம் தானே அழைத்துச் செல்கின்றான். ஊரார் இகழும் தனிக்குடித்தனக்காரன் இவனே. இவன் வரும் நாளில், முன்சொன்ன மூதாட்டி திண்ணையில் இருந்தபடி, "அவள் கொடுத்துவைத்தவள்" என்கின்றாள்.