வயரைத் தொடாதே என்று சொல்வது யார்?

காருக்குள் நீல லைட் போட்டவனைப் பார்த்துச் சிரிக்க நம்மிடம் இரண்டு வகைச் சிரிப்பு இருக்கிறது. ஒன்று ரசனைக்காரர் சிரிப்பு: "என்னடா இது, மினி பஸ் மாதிரி?" இன்னொன்று விவரம் தெரிந்தவர் சிரிப்பு: "வாரண்டி போயிடும், ஒருநாள் புகையப்போகுது பாரு." இலக்கியம் படிக்கிறவர்கள் முதலாவதைச் சிரிக்கிறோம், எஞ்சினியரிங் படித்தவர்கள் இரண்டாவதை. இரண்டையும் சேர்த்துச் சிரிக்கிற பாக்கியசாலிகளும் உண்டு. என் நண்பர்களில் பாதிப்பேர் அந்த ரகம்தான்.

இரண்டு சிரிப்பும் தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த லைட் அழகா, அசிங்கமா என்பது என் வழக்கே இல்லை. காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருளுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள யாருக்கு உரிமை இருக்கிறது என்பதுதான் வழக்கு.

ரசனையை முதலில் முடித்துவிடலாம். அது சுலபம். மெர்சிடிஸ் கம்பெனி தன் கார்களில் 64 நிறங்களில் உள்விளக்கு வருகிறது என்று பெருமையாக விளம்பரம் செய்கிறது. நம் ஊர் கார்களிலும் கதவு ஓரம், டேஷ்போர்டு ஓரம் என்று ஒரு கோடு வெளிச்சம் மேல் வேரியண்ட்டில் வருகிறது. அதற்கு 'ஆம்பியன்ட் லைட்டிங்' என்று பெயர். யூடியூபில் அதை "பிரீமியம் ஃபீல்" என்கிறார்கள். குமாரபாளையம் பைபாஸில் ஒரு சீட் கவர் கடையில் அதே 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை ஒருத்தர் ஒட்டிக்கொண்டு வந்தால் அது 'லோக்கல்'. பொருள் ஒன்றுதான், விலைப்பட்டியல்தான் வேறு. விலைப்பட்டியலைப் பார்த்து வருவதற்கு ரசனை என்று பெயர் வைக்காதீர்கள். இன்னொன்று: இவ்வளவு கேலிக்கு ஆளாகிற அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று பேருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். உங்கள் படிப்பு மேசையில் எரிகிற நாகரிகமான வெள்ளை வெளிச்சமும் அந்த நீலத்திலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது சிரிப்பு அப்படி இல்லை. அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. அதை முழுசாகச் சொல்லாமல் தாண்டினால் நானும் "ஒண்ணும் ஆகாதுங்ணா" கோஷ்டிதான்.

கணக்குப் போடுவோம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற, மீட்டருக்கு 60 எல்.இ.டி. இருக்கிற 5050 ரக பட்டை, முழு வெளிச்சத்தில் மீட்டருக்குச் சுமார் 14.4 வாட் எடுக்கும். 12 வோல்ட்டில் அது 1.2 ஆம்பியர். காருக்குள் இரண்டு மீட்டர் ஒட்டினால் இரண்டரை ஆம்பியருக்குள் முடிந்துவிடும். ஹெட்லைட் பல்பு ஒன்றே இதைவிட அதிகம் எடுக்கிறது. ஆக, பட்டை காரை எரிக்காது.

எரிப்பது வயர். பட்டைக்குப் பெரும்பாலும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் போகிற வயரைச் சுரண்டி, அதில் முறுக்கி, டேப் சுற்றிச் சப்ளை எடுக்கிறார்கள். அந்த சாக்கெட்டுக்குப் பொதுவாக 15 அல்லது 20 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும். பட்டையோடு வருகிற வயரோ தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அது சீட் தண்டவாளத்துக்கு அடியில் போகிறது. சீட்டை முன்னே பின்னே தள்ளித் தள்ளி இன்சுலேஷன் தேய்கிறது. ஒருநாள் தாமிரம் இரும்பைத் தொடுகிறது. காரின் உடம்பு முழுக்க எர்த். தொட்ட இடத்தில் கரண்ட் பாயும். தொடுதல் அரைகுறையாக இருந்து 12 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 12 வோல்ட், 12 ஆம்பியர், 144 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட். கிட்டத்தட்ட ஆறு சால்டரிங் அயர்ன் சூடு உங்கள் காலடி மேட்டுக்குக் கீழே. 15 ஆம்பியர் ஃப்யூஸுக்கு இது தெரியவே தெரியாது. அதன் கணக்கில் எல்லாம் சரியாக நடக்கிறது.

ஃப்யூஸ் லைட்டைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது வயரைக் காப்பாற்ற இருக்கிறது. வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குக் கீழே ஃப்யூஸ் இருக்க வேண்டும், அதுவும் சப்ளை எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூன்று ஆம்பியர் ஃப்யூஸ், ஊதா நிறம், ஒரு டீ விலை. ஃப்யூஸ் பெட்டியிலேயே சொருகி, பழைய ஃப்யூஸையும் புது ஃப்யூஸையும் சேர்த்து வைக்கிற சின்ன அடாப்டர் ஒன்று கிடைக்கிறது. அதைப் போட்டால் எந்த வயரையும் சுரண்ட வேண்டாம். மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட வயர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட வேண்டும், அது ஏர்பேக். முன்கண்ணாடி ஓரத் தூணில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற காரில் அங்கே எதையும் ஒட்டக்கூடாது, விரிகிறபோது தடுக்கும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராகவும் லைட் வரக்கூடாது. இருட்டுக்குப் பழகிய கண்ணை நீல வெளிச்சம் சீக்கிரம் கெடுக்கும், சிவப்பு அவ்வளவு கெடுக்காது. முழங்காலுக்குக் கீழே, மங்கலாக. அவ்வளவுதான் பாடம்.

ஒரு பத்தியில் அடங்குகிற இந்தப் பாடம் ஏன் அந்தக் கடைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை? என் கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

குமாரபாளையத்தைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி, இந்தப் பக்கம் விசைத்தறி. லுங்கியும் துண்டும் நெய்கிற ஊர். தறி நின்றால் தறிக்காரர் கம்பெனிக்குப் போன் போடுவதில்லை. மூடியைத் திறப்பார், பார்ப்பார், முடியாவிட்டால் தெருமுனையில் இருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிடுவார். கொஞ்ச தூரத்தில் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல். லாரியும் ரிக் வண்டியும் பாடி கட்டுகிற ஊர்கள். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸ் வரும். கேபினும் பாடியும் இங்கே கட்டுவார்கள். டேஷ்போர்டு விளக்கு, சாமி படத்து விளக்கு, சைடு விளக்கு எல்லாவற்றுக்கும் வயர் இழுத்தவர்கள் இங்கே இருந்த எலக்ட்ரீஷியன்கள். நாடு முழுக்கச் சரக்கு ஏற்றிப்போன வண்டிகள் அவை. அப்போது யாரும் அவர்களை 'லோக்கல்' என்று சொல்லவில்லை. அந்தக் கைகளின் பிள்ளைகளும் சிஷ்யர்களும்தான் இன்று கார் லைட் ஒட்டுகிறார்கள். லாரிக்கு முழு வயரிங் போட்ட வம்சத்திடம், காரில் ஒரு வயரைத் தொட உனக்குத் தகுதி இல்லை என்கிறோம்.

தகுதி குறைந்துவிட்டதா? இல்லை, படம் மறைந்துவிட்டது. பழைய வண்டியில் சுவிட்சிலிருந்து பல்புக்கு வயர் போகும், கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். இன்றைய காரில் ரூம் லைட்டைக்கூட ஒரு கன்ட்ரோல் யூனிட் பார்த்துக்கொள்கிறது. எந்த வயரில் என்ன ஓடுகிறது என்று சொல்லும் வயரிங் படம் கம்பெனியிடம் இருக்கிறது. காரோடு வருகிற புத்தகத்தில் டயர் காற்று எவ்வளவு என்று இருக்கும், ஃப்யூஸ் பட்டியல் இருக்கும், வயரிங் படம் இருக்காது. படத்தைப் பூட்டி வைத்துவிட்டு, படம் இல்லாமல் வேலை செய்கிறவனை "முட்டாள்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

என் சித்தப்பா பையன் காரில் நடந்தது. வாங்கி எட்டு மாதம். பின் கதவுக் கண்ணாடி இறங்கவில்லை. சர்வீஸுக்கு விட்டால் அங்கே இருந்தவர் காலடியில் இருந்த பட்டையைப் பார்த்துவிட்டு, "வெளியில லைட் போட்டிருக்கீங்க, வாரண்டி வராதுங்க" என்றார். லைட் சப்ளை லைட்டர் சாக்கெட்டில் எடுத்தது, கண்ணாடி மோட்டாருக்குத் தனி ஃப்யூஸ், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சிஸ்டத்துல அப்படித்தான் சார் இருக்கு" என்றார். சம்பந்தம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, காட்டவும் இல்லை. காட்ட வேண்டிய கட்டாயம் தனக்கு உண்டு என்பதே அவருக்குத் தெரியவில்லை.

உண்டு. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் ஹோண்டா, மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா உள்ளிட்ட 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிப் பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் பூட்டி வைத்தார்கள் என்பதுதான் குற்றம். வெளியில் ரிப்பேர் செய்தாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாகச் சொல்லக்கூடாது, வெளி வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அது அவர்கள் உரிமை. உத்தரவு பேசியது ரிப்பேரைப் பற்றி, லைட் ஒட்டுவதைப் பற்றி இல்லை என்பீர்கள். சரி. ஆனால் நியாயம் அதேதான்: கெட்டது இதனால்தான் என்று சொல்கிறவன் நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012லேயே மக்கள் ஓட்டுப் போட்டு, கார் ரிப்பேர் தகவல்களை வெளிக்கடைகளுக்கும் கொடுக்க வைத்தார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்று ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் வாகனத் துறையும் இருக்கிறது. இதெல்லாம் எத்தனை கடைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது?

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. ஆனால் மாற்றம் என்றால் வண்டியின் அமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றுவது என்று அந்தப் பிரிவே விளக்கம் கொடுக்கிறது. எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கிற விளக்கும், போலீஸ் வண்டி மாதிரி மின்னுகிற சிவப்பும் நீலமும் வேறு விஷயம். அதைப் பிடித்தால் நான் கைதட்டுவேன். காலடியில் மங்கலாக எரிகிற ஒரு கோட்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

இனி என் சொந்தக் கூட்டத்துக்கு. நாம் ஓப்பன் சோர்ஸ் என்று டீ ஷர்ட் போட்டுக்கொள்கிறோம். வாங்கிய லேப்டாப்பில் நமக்குப் பிடித்த ஆபரேட்டிங் சிஸ்டம் போட முடியாவிட்டால் சுதந்திரமே போய்விட்டது என்று எழுதுகிறோம். அதே சுதந்திரத்தை ஒரு பத்தாவது படித்த எலக்ட்ரீஷியன் டெஸ்டர் லேம்ப்பை வைத்துக்கொண்டு எடுத்தால் மீம் போடுகிறோம். கோடு திறந்திருக்க வேண்டும், வயர் மூடியிருக்க வேண்டுமா? இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம், அவர் கையை 'மண்ணின் மேதைமை' என்று கட்டுரை எழுதிக் கொண்டாடும். அந்தக் கொண்டாட்டமும் அவருக்கு ஃப்யூஸ் வாங்கித் தருவதில்லை. கேலியும் துதியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: அவரிடம் ஒரு தொழிலாளியிடம் பேசுவது போலப் பேசாமல் தப்பிக்க வைக்கின்றன.

கடைக்கார அண்ணன்களையும் விடமாட்டேன். "ஒண்ணும் ஆகாதுங்ணா" என்பது பதில் இல்லை. வண்டியில் போவது பெண்டாட்டி பிள்ளைகள். ஃப்யூஸ் இல்லாமல் கொடுத்த வேலை முடியாத வேலை. படம் கிடைக்கவில்லை என்பது உண்மையான குறைதான், ஆனால் மூன்று ஆம்பியர் ஃப்யூஸுக்குப் படம் தேவையில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்போம். கம்பெனிகளே, வயரிங் படத்தை இணையத்தில் போடுங்கள், காரில் ஃப்யூஸோடு ஒரு தனி கப்ளரை விட்டுவையுங்கள், யாரும் சுரண்ட மாட்டார்கள். ஐ.டி.ஐ.யில் ஆட்டோ எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு பிரிவே இருக்கிறது, கடையில் ஏற்கனவே வேலை செய்கிறவர்களுக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கலாம். பைபாஸ் ஓரம் வரிசையாக நிற்கிற எஞ்சினியரிங் கல்லூரிகள் அவர்களைக் கூப்பிட்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. லைட் போடப் போகிறவர்கள் நாலு கேள்வி கேளுங்கள்: சப்ளை எங்கே எடுக்கறீங்க? ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர்? சாவியை எடுத்தா லைட் அணையுமா? வயர் சீட்டுக்கு அடியில எப்படிப் போகுது? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் போடுங்கள், கூலி இருநூறு ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.

திறந்து பார்க்க முடியாத பொருள் உங்களுடையது இல்லை, வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள். முழுப் பணமும் கட்டிவிட்டு வாடகைக்கு இருப்பவன், தன் வீட்டைத் திறந்து பார்க்கிறவனைக் கேலி செய்கிறான். சிரிப்பு வரவேண்டியது அங்கேதான்.