களிப்புக் கலமும் காவற் கலமும்

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தைச் சார்ந்த எம்மனோர்க்குக் கோமுகி அணையின் நீர்ப்பரப்பே கடலாகும். மலைநாட்டார்க்குக் கடற்காவலைப் பற்றிய பேச்சு எதற்கு என வினவுவாரும் உளர். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே தோன்றி எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டெறிந்து எரித்தது. நகரமாந்தர் பலர் உள்நாடு நோக்கி ஓடினர். காவலற்ற கரையின் துன்பம் கரையளவில் நிற்பதன்று என்பது இதனாற் பெறப்படும்.

போர்க்கப்பல்கள் போதாவிடத்துக் காவல் புரிவார் யாவர்? 1942-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கீழ்க்கரையோரம் வணிகக் கப்பல்களை நாடோறும் மூழ்குவித்தன. அப்போது செல்வர்கள் விளையாட்டாக ஓட்டிய பாய்மர உல்லாசப் படகுகள், அந்நாட்டுக் கரையோரக் காவற்படையின்கீழ்க் காவற்றொழிலில் அமர்த்தப்பட்டன. விளையாட்டுக் கலம் போருக்கு உதவுமோ என நகைத்தாரும் உண்டு. ஆயினும், பாய்விரித்துச் செல்லும் படகிற்கு எந்திர ஒலியில்லை. ஆதலின் நீர்மூழ்கியின் ஒலியுணர் கருவிக்கு அஃது எளிதில் அகப்படாது. பகைவரைக் கண்டவிடத்து வானொலியால் அறிவித்தலும், கலமிழந்தோரைக் காத்தலுமே அவற்றின் கடமை. அவ்வாண்டு டிசம்பரில் 'சைதா' என்னும் படகு புயலிற் சிக்கி, ஏறக்குறைய மூன்று வாரம் அட்லாண்டிக் கடலில் அலைந்த பின்னரே மீட்கப்பட்டது.

இவ்வீரத்தை யாம் போற்றுகின்றோம். ஆனால் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஜப்பானியரும் மீன்பிடி படகுகளை இவ்வாறே நடுக்கடலிற் காவல் வைத்தனர். 1942 ஏப்ரல் 18-ஆம் நாள் 'நித்தோ மாரு' என்னும் படகு அமெரிக்கக் கடற்படையைக் கண்டு செய்தி விடுத்தது. விடுத்தவுடன் பீரங்கிக்கு இரையாயிற்று. கரையோரச் சிறு மீன்படகுகளைக் கைப்பற்றலாகாது என்பது 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. எனினும் போர்வினையிற் கலந்த கணமே அப்பாதுகாப்பு நீங்கும். காவற்பணி ஏற்கும் படகோட்டி தன் தலைமேலிருந்த குடையைத் தானே மடக்குகின்றான் என்க.

இவ்வினா நமக்கும் உரியதே. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியோர், கைப்பற்றிய மீன்படகொன்றிலேயே கரையை அணுகினர். அதன்பின் நம் கடலோர மீனவரும் கடலின் கண்களாக இருக்க வேண்டப்படுகின்றனர். செல்வனுக்குப் படகு பொழுதுபோக்கு. இழப்பின் வேறொன்று வாங்குவான். மீனவனுக்கோ அதுவே வயலும் ஏரும் ஆகும். ஆகலின், அவன் முழுமனத்தோடு இசைந்தாலன்றி அவன் கலத்தைக் காவலுக்குக் கொள்ளுதல் அறமன்று. இசைந்தவிடத்து, படையிற் பெயர்ப்பதிவும், பயிற்சியும், ஊதியமும், படகிற்கு ஈடும், அவன் மனைவி மக்கட்குப் பாதுகாப்பும் முன்னரே உறுதிசெய்தல் வேண்டும். வெற்றிக்குப் பின் அளிக்கும் பதக்கத்தினும், புறப்படுமுன் அளிக்கும் இவ்வுறுதியே நாடு அவனுக்குச் செலுத்தும் மெய்ந்நன்றியாம் என்பது எம் கருத்து.