கண்ணுக்கு ஒன்று, கம்பைலருக்கு ஒன்று

2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7.0.6 என்ற திருத்தப் பதிப்பை அவசரமாக வெளியிட்டது. சி மொழியில் எழுதிய நிரல் ஒன்றில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்திருந்ததுதான் காரணம். நாம் தொடர்புகொள்ளும் சர்வர் உண்மையானதுதானா என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்க்கும் இடம் அது. முதல் வரி மேலே இருந்த 'இஃப்' நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது கட்டுப்படவில்லை. ஆனால் அதுவும் முதல் வரிக்கு நேர்கீழே, அதே அளவு உள்தள்ளி நின்றது. படிப்பவர் கண்ணுக்கு இரண்டுமே நிபந்தனைக்குள். கம்பைலருக்கோ இரண்டாவது வரி எப்போதும் நடக்கும் தாவல்.

தாவிப் போய்ச் சேரும் இடத்தின் பெயர்தான் ஃபெயில். அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால் அங்கிருந்து கிடைத்த விடை 'எல்லாம் சரி'. கையொப்பத்தை யாரும் பார்க்கவே இல்லை. அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்க இது போதும்.

எழுதியவரின் கவனக்குறைவு என்று இதை முடித்துவிடுவது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. நெளி அடைப்புக்குறி போடாமலே 'இஃப்' எழுதலாம் என்று சலுகை தந்தது மொழி. வரிகளை எங்கே தள்ளி எழுதினாலும் பொருட்படுத்த மாட்டேன் என்றதும் மொழிதான். மனிதர் உள்தள்ளலைப் படிக்கிறார், இயந்திரம் அடைப்புக்குறியைப் படிக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு பிரதிகள்!

உள்தள்ளலையே இலக்கணமாக்கலாம் என்று கணினி அறிவியலாளர் பீட்டர் லேண்டின் 1966இலேயே எழுதினார். ஆம்ஸ்டர்டாமில் உருவான ஏபிசி மொழி அப்படிச் செய்தது. அங்கிருந்து அதை கீடோ வான் ரோசம் 1991இல் வெளிவந்த பைத்தானுக்குக் கொண்டுவந்தார். வெற்றிடத்துக்கெல்லாம் இலக்கணமா என்று இன்னும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: ஓரிடத்திலிருந்து வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டும்போது இடைவெளி கலைந்தால் நிரலே குலைகிறது. டேப், ஸ்பேஸ் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும் என்பதும் பழைய தலைவலி. பைத்தான் 3, அர்த்தம் குழம்பும்படி அவற்றைக் கலந்தால் ஓடவே மறுக்கிறது. அந்தப் பிடிவாதம் நமக்குப் பிடித்திருக்கிறது.

2009இல் வந்த கோ மொழி வேறு வழியில் போனது. அதில் 'இஃப்' என்றால் அடைப்புக்குறி கட்டாயம். உள்தள்ளலை மனிதர் கையில் விடாமல் ஒழுங்குபடுத்தித் தர 'கோஃபம்ட்' என்ற கருவியும் மொழியோடு வருகிறது. ஆப்பிளே 2014 ஜூனில் அறிவித்த ஸ்விஃப்ட் மொழியிலும் அடைப்புக்குறி கட்டாயம். அந்த மொழியின் வேலை பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே இதைப் பிராயச்சித்தம் என்று சொல்ல முடியாது.

சி மொழியின் இலக்கணம் மாறவில்லை. லேண்டின் எழுதி ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், ஜிசிசி 6 கம்பைலர் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது: உள்தள்ளல் ஒன்று சொல்கிறது, நிரல் வேறொன்று சொல்கிறது என்று. எச்சரிக்கைகளைக் காட்டு என்று நாம் கேட்டால்தான் அதுவும் வரும். வந்த பிறகும் நிரல் தடையில்லாமல் கம்பைல் ஆகும்.